நாலு நட்சத்திரச் செக்போஸ்ட்

போலீஸ் காரிலிருந்து பிடித்துத் தள்ளப்பட்ட ஆள் ஒரு சந்தில் எழுந்து நிற்கிறான். பக்கத்தில் சின்ன சைக்கிள் ஒன்று கிடக்கிறது. அதை எடுத்துக்கொண்டு சொந்தத் தெருவுக்குப் போய்ச் சேர வேண்டும். விளையாட்டு கேட்பது அவ்வளவுதான். திரையின் மூலையிலுள்ள குட்டி வரைபடம் வழியையும் காட்டுகிறது. 2006 கோடை விடுமுறையில், பொள்ளாச்சியின் ஒரு மாடியறை பிரவுசிங் சென்டரில், முதலமடையிலிருந்து வந்திருந்த பன்னிரண்டு வயதுப் பையன் அந்தச் சைக்கிளை எதிர்த்திசையில் திருப்பினான்.

‘கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ: சான் ஆண்ட்ரியாஸ்’ 2004 அக்டோபரில் பிளேஸ்டேஷன் 2-க்கும், அடுத்த ஆண்டு ஜூனில் கணினிக்கும் வந்தது. சிறுநகரத்து பிரவுசிங் சென்டர்களுக்கு அது எந்த வழியாக வந்தது என்று கேட்காமலிருப்பது நாகரிகம். பெரியவர்களுக்கானது என்று அட்டையில் எச்சரிக்கை உண்டு. அட்டையே இல்லாத ஊரில் அதை யார் படிப்பது? மணிக்கு இருபது ரூபாய். பக்கத்து நாற்காலிப் பையன்கள் காரைப் பிடுங்குவார்கள், ஆளை அடிப்பார்கள், நோட்டில் எழுதிவைத்த ‘ஹெசோயம்’ என்ற மந்திரத்தைத் தட்டி ஆட்டத்துக்குள் இரண்டரை லட்சம் டாலர் வரவழைப்பார்கள். இவனோ இருபது ரூபாய்க்கும் சைக்கிள் மிதித்தான்.

அதற்கு வீரம், ரசனை என்றெல்லாம் காரணம் இல்லை. அந்த ஆட்டத்தில் எட்டு இடங்களில் சேவ் செய்துவைக்கலாம். எட்டும் எப்போதும் சென்டருக்குத் தினமும் வருகிற அண்ணன்களுக்கே சொந்தம். வாரத்துக்கு ஒருமுறை ரயிலேறி வருகிற பையன் சேவ் செய்தால், அடுத்த வாரம் அதன்மேல் வேறொருவன் உட்கார்ந்திருப்பான். ஆகவே ஒவ்வொரு சனிக்கிழமையும் அவன் அதே சந்தில், அதே சைக்கிளோடு, கதையின் முதல் நிமிடத்திலிருந்தே தொடங்க வேண்டியிருந்தது. கதை முன்னேறாது என்று தெரிந்துவிட்டவனுக்கு மிச்சமிருப்பது ஊர் சுற்றுவதுதான். எந்தத் தெரு எங்கே முடிகிறது, எந்தச் சுவரில் ஏற முடியும், கடலில் எவ்வளவு தூரம் நீந்தினால் கரை மறையும் என்று பார்த்துக்கொண்டே போனான்.

ஓர் எல்லை வந்தது. சான் ஆண்ட்ரியாஸ் என்பது மூன்று நகரங்களும் நடுவே காடும் பாலைவனமும் கொண்ட கற்பனை மாநிலம். தொடக்கத்தில் லாஸ் சான்டோஸ் என்ற ஒரு நகரம் மட்டுமே திறந்திருக்கும். மற்ற இடங்களுக்குப் போகும் சாலைகளிலும் பாலங்களிலும் தடுப்பு. நீந்தியோ குறுக்கே புகுந்தோ பூட்டிய பகுதிக்குள் கால் வைத்தால் உடனே திரையின் மேல்மூலையில் நான்கு நட்சத்திரம் எரியும். போலீஸ் படையே துரத்தும்.

கோவிந்தாபுரத்தைத் தாண்டிப் போய்வருகிற வீட்டுப் பிள்ளைக்கு இதில் வியப்பு ஏதும் இல்லை. செக்போஸ்ட் என்றால் அப்படித்தான்.

முதலமடை பாலக்காடு மாவட்டத்தின் சிற்றூர் தாலூகாவில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய பஞ்சாயத்து. நவம்பரில் மா பூத்துவிடும். ஜனவரியில் காய் பறிக்கத் தொடங்குவார்கள். நாட்டிலேயே முதலில் சந்தைக்குப் போகிற மாங்காய்களில் இவ்வூர்க் காயும் ஒன்று என்பதால், வடக்கேயிருந்து வியாபாரிகள் இங்கே வந்து தங்கியே வாங்கிப் போவார்கள். அவனுடைய அப்பிச்சி, அம்மாவைப் பெற்றவர், ஒருவர் பாட்டத்துக்கு எடுத்திருந்த தோப்பில் காவல். சனிக்கிழமை இருபது ரூபாயும் ரயில் காசும் வந்தது அந்த வேட்டி மடிப்பிலிருந்துதான்.

தோப்பிலிருந்து தெற்கே பார்த்தால் மலை. மலை என்று சொன்னால் போதாது, சுவர். சமவெளி சரிவே இல்லாமல் ஓடிப் போய் அதில் முட்டி நிற்கும். மழைக்காலத்தில் அந்தச் சுவரில் வெள்ளைக் கோடுகள் இறங்கும். சீதார்குண்டு அருவி கொல்லங்கோட்டுப் பக்கம் எங்கே நின்றாலும் தெரியும். சுவருக்கு மேலே நெல்லியாம்பதி, பின்னால் பறம்பிக்குளம்.

பறம்பிக்குளமும் முதலமடை பஞ்சாயத்தைச் சேர்ந்ததே. அங்கே இருப்பவர்களும் இதே பஞ்சாயத்துக்குத்தான் ஓட்டுப் போடுகிறார்கள். ஆனால் முதலமடையிலிருந்து பறம்பிக்குளத்துக்கு வண்டியில் போக வேண்டுமென்றால், தமிழ்நாட்டுக்குள் நுழைந்து, ஆனைமலை, வேட்டைக்காரன்புதூர், சேத்துமடை, டாப்ஸ்லிப் என்று சுற்றி, மறுபடி கேரளத்துக்குள் நுழைய வேண்டும். சொந்தப் பஞ்சாயத்தின் மறுபாதிக்குப் போக அடுத்த மாநிலத்தின் வழியாகப் பயணம்! விளையாட்டு வடிவமைப்பாளர் ஒருவர் இப்படி ஒரு வரைபடம் போட்டால், நம்பும்படியாக இல்லை என்று மேலதிகாரி திருப்பி அனுப்பிவிடுவார்.

ஆட்கள்தான் இப்படிச் சுற்ற வேண்டும். தண்ணீருக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. பறம்பிக்குளம், தூணக்கடவு, பெருவாரிப்பள்ளம் என மூன்று அணைகளும் கேரள மண்ணில் நிற்கின்றன, நடத்துவது தமிழ்நாடு. பறம்பிக்குளத்துத் தண்ணீர் மலைக்குள் குடைந்த சுரங்கத்தில் தூணக்கடவுக்குப் போய், அங்கிருந்து சர்க்கார்பதி மின்நிலையத்தில் இறங்கிப் பொள்ளாச்சிப் பக்கத்து வயல்களுக்குப் போகிறது. 1960-களில் அந்த அணை வேலைக்குக் கூலியாகப் போனவர் அப்பிச்சி. பஸ்ஸில் சுற்றிப் போகவில்லை, நடந்தே போனார்.

“செம்மணாம்பதியில காடேறுனா வெயில் சாயறதுக்குள்ள தேக்கடி போயிரலாஞ் சாமி” என்பார். இடுக்கியின் தேக்கடி வேறு. இது பறம்பிக்குளத்துக் காட்டிலுள்ள தேக்கடி. இரண்டும் புலிக் காப்பகத்துக்குள் இருப்பதால் வெளியூர்க்காரர்கள் குழம்புவது வழக்கம்.

2010 வாக்கில் வீட்டுக்கு ஒரு பழைய கணினி வந்தது. யாரோ ஓர் ஆபீஸில் கழித்துக்கட்டியது. அப்பிச்சி பின்னால் கட்டிலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார்.

“ஏஞ்சாமி, போலீசு எதுக்குத் தொரத்துது?”

“பூட்டுன எடத்துக்குள்ள போயிட்டனுங்க அப்பிச்சி.”

“அப்ப பாரஸ்ட்காரனாட்டம்” என்று சொல்லிவிட்டு வெற்றிலையைத் தேடினார்.

இந்த ஒற்றை வரி விமரிசனத்துக்குப் பிறகு அவன் திறந்த உலக விளையாட்டுகளை வேறு மாதிரிப் பார்க்கத் தொடங்கினான். எங்கும் போகலாம் என்று விளம்பரம் செய்கிற ஆட்டம் எதை எப்போது எப்படிப் பூட்டிவைக்கிறது என்று கவனிப்பது அவனுக்கு ஒரு பொழுதுபோக்காகவே ஆயிற்று. 2002-இல் வந்த ‘வைஸ் சிட்டி’யில் புயல் எச்சரிக்கை என்று சொல்லிப் பாலத்தை அடைத்துவைத்திருந்தார்கள். நாயகனுக்கு நீச்சலும் தெரியாது, தண்ணீரில் விழுந்தால் ஆள் காலி. பூட்டுகளில் மிகவும் மலிவானது இதுதான் என்பது அவன் முடிவு.

இந்த வகையின் பூர்வீகம் தேடிப் போனால் 1984-இல் டேவிட் பிராபனும் இயன் பெல்லும் பிரிட்டனில் எழுதிய ‘எலைட்’டில் போய் நிற்கலாம். 32 கிலோபைட் நினைவகம் கொண்ட பிபிசி மைக்ரோ கணினிக்குள் எட்டு விண்மீன் மண்டலங்கள், ஒவ்வொன்றிலும் 256 விண்மீன்கள். இன்று செல்போனில் எடுக்கிற ஒரு படமே அதைப்போல நூறு மடங்கு இடம் பிடிக்கும். அவற்றை அவர்கள் ஒவ்வொன்றாக எழுதிவைக்கவில்லை. ஒரு விதை எண்ணைக் கொடுத்தால் கணக்கே மண்டலத்தை முளைக்கவைக்கும். அதே விதையைப் போட்டால் அதே உலகம். 2009-இல் மார்க்கஸ் பெர்சன் வெளியிடத் தொடங்கிய ‘மைன்கிராஃப்ட்’டும் இந்த வழியில் வந்ததே. 2014-இல் மைக்ரோசாஃப்ட் அந்த நிறுவனத்தை 250 கோடி டாலருக்கு வாங்கியது. 2023-க்குள் 30 கோடிப் பிரதிகள் விற்றாயிற்று. மைன்கிராஃப்ட் உலகின் நடுவிலிருந்து எந்தத் திசையில் போனாலும் மூன்று கோடிக் கட்டை தூரத்துக்குப் பிறகுதான் எல்லை. கதை இல்லை, கட்டளை இல்லை, சைக்கிளை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போ என்று சொல்லவும் ஆள் இல்லை.

கோயம்புத்தூரில் கல்லூரி விடுதியில் சேர்ந்த 2012-இல்தான் அது அவன் கைக்கு வந்தது. இத்தனை சுதந்திரம் கிடைத்ததும் அவன் செய்த முதல் காரியம் தண்டவாளம் போட்டது.

அதற்கு முன்கதை உண்டு. சனிக்கிழமைகளில் அவன் பொள்ளாச்சிக்குப் போன ரயில் மீட்டர்கேஜ். முதலமடை, மீனாட்சிபுரம், ஆனைமலை ரோடு, பொள்ளாச்சி என்று போகும் அந்தப் பாதை 1932-இல் திறக்கப்பட்டது. முதலமடை ஸ்டேஷன் என்றால் ஆலமரங்கள். நடைமேடை முழுக்க நிழல். விழுதுகள் தலையில் இடிக்கும் அளவுக்குத் தொங்கும். சினிமாக்காரர்கள் அந்த நிழலுக்காகவே தேடி வருவார்கள். நடைமேடையில் நாயகி அழுதுகொண்டிருக்கும்போது, உண்மையாகவே ரயிலுக்குக் காத்திருக்கிறவர்கள் ஓரமாக ஒதுங்கி நிற்க வேண்டும். 2008 டிசம்பரில் அகலப்பாதை வேலைக்காக அந்த வழி மூடப்பட்டது. சீக்கிரம் திறந்துவிடுவார்கள் என்றார்கள். பழைய தண்டவாளத்தைப் பெயர்த்து எடுத்துப் போன பிறகு ஆலமரங்களும் ஆடுகளும்தான் ஸ்டேஷனில் இருந்தன. வெற்றுப் பாதையில் பையன்கள் கிரிக்கெட் ஆடினார்கள். அவன் பஸ்ஸில் போய்வரப் பழகினான். ஆறேழு வருஷம் ஓடிப்போயிற்று.

விடுதி அறையில் கட்டைகளை அடுக்கி அவன் அந்த ஸ்டேஷனைக் கட்டினான். மைன்கிராஃப்டில் ஆலமரம் கிடையாது. ஓக் மரக் கட்டையைத் தடியாக அடுக்கி, கிளைகளிலிருந்து வேலிக் கம்புகளைத் தரைவரை தொங்கவிட்டு விழுது செய்தான். மாமரமும் கிடையாது, அதற்கு ஒரு வழியும் கிடைக்கவில்லை. தண்டவாளம் சுலபம். வண்டியைத் தானாக ஓடவைக்கும் தண்டவாளத்துக்குத் தங்கமும் ரெட்ஸ்டோன் என்ற சிவப்புக் கல்லும் வேண்டும். அதற்காகப் பரீட்சைக்கு முந்தின இரவுகளில் பாறை வெட்டினான். வண்டி எவ்வளவு வேகமாகப் போனாலும் நொடிக்கு எட்டுக் கட்டை, அதாவது எட்டு மீட்டர்தான். மீட்டர்கேஜ் பாசஞ்சருக்கு அது பொருத்தமான வேகமே. பொள்ளாச்சியைக் கட்ட அவனுக்குப் பொறுமை இல்லை. தண்டவாளம் ஒரு சதுப்பு நிலத்தில் போய் நின்றது. அங்கே இறங்கி, வண்டியைத் திருப்பி, மறுபடி முதலமடைக்கு வருவான்.

அறைத்தோழன் ஒருநாள் நின்று பார்த்தான். “எங்க வேணா போலாம், என்ன வேணா கட்டலாம்னு சொன்னியேடா? நீ ஊருக்குத்தானே போய்ட்டு வந்துட்டிருக்க?”

2015 நவம்பரில் அசல் ரயில் திரும்ப ஓடத் தொடங்கியபோது அவன் படிப்பை முடித்திருந்தான். கட்டிவைத்த ஸ்டேஷன், வன்தட்டு கெட்டுப்போனதில் அதற்கு முன்பே போய்விட்டது. விதை எண்ணைக் குறித்துவைத்திருந்தால் நிலமாவது திரும்பக் கிடைத்திருக்கும். மரங்கள் கிடைத்திருக்காது.

வேலைக்குப் போய் நாலு காசு பார்த்த பிறகு பெரிய ஆட்டங்கள் வந்தன. 2011-இன் ‘ஸ்கைரிம்’ அவனுக்குக் குளிராக இருந்தது. பனிமலையில் எதிலும் ஏறிவிடலாம் என்பதைத் தவிர அதில் அவன் மனம் ஒட்டவில்லை. 2017-ஆம் ஆண்டோ வேறு கதை. அந்த மார்ச்சில் நின்டெண்டோவின் ‘த லெஜண்ட் ஆஃப் செல்டா: பிரெத் ஆஃப் த வைல்ட்’ வந்தது, ஆகஸ்டில் ‘அன்சார்ட்டட்: த லாஸ்ட் லெகசி’.

செல்டாவை 1986-இல் தொடங்கிவைத்த ஷிகேரு மியாமோட்டோ, கியோட்டோவுக்கு வடமேற்கே சோனோபே என்ற ஊரில் வளர்ந்தவர். சிறுவனாகக் காட்டில் திரிந்தபோது ஒரு குகையைக் கண்டு, தயங்கித் தயங்கி, விளக்கோடு உள்ளே போன அனுபவம்தான் அந்த விளையாட்டுக்கு விதை என்று பலமுறை சொல்லியிருக்கிறார். 2017 ஆட்டத்தின் இயக்குநர் ஹிடேமாரோ ஃபுஜிபயாஷி கியோட்டோக்காரர். உலகம் எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்று தீர்மானிக்க, தனக்குப் பழக்கமான கியோட்டோ வரைபடத்தை எடுத்து ஆட்டத்தின் நிலத்தின்மேல் வைத்துப் பார்த்தாராம். நடந்து பழகிய ஊரே அவருக்கு அளவுகோல்.

இதைப் படித்த அன்று இரவு அவனும் அதைச் செய்து பார்த்தான். சான் ஆண்ட்ரியாஸ் மாநிலம் முழுவதும் சேர்த்து ஏறக்குறைய 36 சதுர கிலோமீட்டர், அதாவது ஆறுக்கு ஆறு. அதன் ஒரு முனையை முதலமடை ஸ்டேஷனில் வைத்தால், மறுமுனை கொல்லங்கோட்டை நெருங்கும்போதே மூன்று நகரம், பாலைவனம், காடு எல்லாம் முடிந்துவிடுகிறது. மலைக்குப் பின்னாலுள்ள பறம்பிக்குளம் புலிக் காப்பகம் மட்டும் 643 சதுர கிலோமீட்டர். பன்னிரண்டு வயதில் அத்தனை சனிக்கிழமைகளில் சுற்றியும் தீராத மாநிலம் அப்பிச்சியின் ஒருவேளை நடையில் அடங்கிப் போனதைப் பார்த்து அவனுக்குச் சிரிப்பு வந்தது, கொஞ்சம் வருத்தமும் வந்தது.

அப்படியானால் அது எப்படி அவ்வளவு பெரிதாகத் தோன்றியது? பிரெத் ஆஃப் த வைல்ட் குழுவினர் அதே ஆண்டு ஜப்பானில் நடந்த வடிவமைப்பாளர் கூட்டத்தில் இதற்கு ஒரு விடை சொன்னார்கள். அவர்களுடைய நிலமெல்லாம் முக்கோணங்களால் ஆனது. பெரிய முக்கோணம் தூரத்திலிருந்தே தெரிந்து திசை காட்டும். நடுத்தர முக்கோணம், அதாவது குன்று, தனக்குப் பின்னால் இருப்பதை மறைக்கும். ஏறிப் போவதா, சுற்றிப் போவதா என்று ஆடுகிறவர் முடிவெடுக்க வேண்டும். எப்படிப் போனாலும், மறைந்திருந்த ஒன்று மெல்ல மெல்ல வெளியே வரும். அதைப் பார்த்ததும் கால் அந்தப் பக்கம் திரும்பிவிடும். கட்டளை போட்டுக் கூட்டிப்போகாமல், மறைத்துவைத்தே கூட்டிப்போகிற வேலை இது.

லாஸ்ட் லெகசியை அவன் வேறு ஒரு காரணத்துக்காக வாங்கினான். அதன் கதை நடப்பது மேற்குத் தொடர்ச்சி மலையில். குளோயி ஃப்ரேசர், நாடீன் ராஸ் என்ற இரண்டு பெண்கள் விநாயகரின் தந்தத்தைத் தேடி ஹொய்சாளர்களின் இடிபாடுகளுக்குள் அலைகிறார்கள். பெரும்பாலும் நேர்கோட்டில் போகிற அந்த ஆட்டத்தில் ஓர் அத்தியாயம் மட்டும் பரந்து திறந்துவிடும். ஜீப்பை எடுத்துக்கொண்டு, எந்தக் கோட்டைக்கு முதலில் போவது என்று நாமே தீர்மானிக்கலாம். சேறு, அருவி, சிவந்த மண், பாறை என்று கண்ணை நிறைக்கிற அத்தியாயம் அது. அதைத் தீட்டிய நாட்டி டாக் நிறுவனம் கலிபோர்னியாவில் இருக்கிறது.

தொண்ணூறை நெருங்கிக்கொண்டிருந்த அப்பிச்சி கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். இது நம்ம மலைங்க அப்பிச்சி என்றான் இவன். அவர் நெடுநேரம் ஒன்றும் சொல்லவில்லை. அருவியடியில் ஜீப் நின்றது. குளோயி ஈரப்புல்லில் இறங்கி நடந்தாள். “அட்டை கடிக்குமே, செருப்பக் கழட்டிப் பாக்கச் சொல்லு” என்றார்.

பறம்பிக்குளத்துக்கு அவன் நேரில் போனது 2019-இல். பொள்ளாச்சியிலிருந்து சேத்துமடை வழியாகத்தான். தமிழ்நாட்டு வனத்துறைக்கு ஒரு செக்போஸ்ட், டாப்ஸ்லிப் தாண்டியதும் கேரள வனத்துறைக்கு ஒன்று. உள்ளே வனத்துறை வண்டியில், வழிகாட்டியோடு போனான். அந்தப் பயணத்தில் இறங்கி நடக்க அனுமதி இல்லை. புலி வாழ்கிற காட்டில் அது நியாயமே. கன்னிமாரா தேக்கு மட்டும் இறங்கிப் பார்க்கக் கிடைத்தது. சுற்றளவு ஏழு மீட்டரை நெருங்கும். ஐந்தாறு பேர் கை கோத்தால்தான் கட்டிப்பிடிக்க முடியும். இதே காட்டிலிருந்து 1907 முதல் பல பத்தாண்டுகள், தேக்கும் ஈட்டியும் ஏற்றிக்கொண்டு எண்பது கிலோமீட்டர் அளவுக்குச் சாலக்குடி வரை ஒரு டிராம்வே ஓடியிருக்கிறது. கொச்சி சமஸ்தானம் போட்டது. சரிவான இடங்களில் வண்டிகளைக் கயிற்றில் கட்டி இறக்குவார்களாம். வழிகாட்டி இதைச் சொன்னபோது, விடுதி அறையில் தான் போட்ட தண்டவாளம் அவனுக்கு நினைவு வந்தது. மீட்டர்கேஜ், டிராம்வே, நடைபாதை என்று இந்த மலையைச் சுற்றிலும் ஒருகாலத்தில் இருந்த வழிகள் எத்தனை!

மறு ஆண்டு, பறம்பிக்குளத்துத் தேக்கடியில் வாழும் ஆதிவாசிக் குடும்பங்கள், செம்மணாம்பதிக்குத் தாங்களே காட்டுவழி வெட்டக் கிளம்பியது செய்தியானது. ஆஸ்பத்திரிக்கும் பஞ்சாயத்து ஆபீஸுக்கும் இரண்டு மாநிலம் சுற்றிக்கொண்டிருந்தவர்கள் அவர்கள். அந்தச் செய்தியைப் படித்தபோது, கோவிந்தாபுரம் செக்போஸ்ட்டையும் நான்கு நட்சத்திரத்தையும் சேர்த்துவைத்துத் தான் அடித்துவந்த நகைச்சுவை அவனுக்குக் கூச்சமாக இருந்தது. பொழுது போகாதவன் பூட்டிய வழியை ரசிக்கலாம். பிரசவ வலி கண்ட பெண்ணைச் சுமந்து வருகிறவர்கள் ரசிக்க முடியாது. அப்பிச்சி செய்தி வருவதற்கு நான்கு மாதம் முன்பே போய்விட்டார். அவருடைய வழியைத்தான் அவர்கள் வெட்டினார்களா என்று கேட்க ஆள் இல்லை.

2021 நவம்பரில் சான் ஆண்ட்ரியாஸைப் புதுப்பித்து மறுபடி வெளியிட்டார்கள். படம் துல்லியமானது, வெளிச்சம் கூடியது, ஆனால் பழைய மூடுபனியைக் காணோம். 2004-இன் இயந்திரத்தால் தூரத்து நிலத்தை வரைய முடியாது. அந்த இயலாமையைப் பனியும் புகையும் போட்டு மறைத்திருந்தார்கள். இயந்திரத்தின் சக்தி கூடியதும் பனியை எடுத்துவிட்டார்கள். சிலியாட் மலை உச்சியில் ஏறி நின்றால் மாநிலம் மொத்தமும் தெரிந்தது. அடுத்த நகரத்தின் கட்டடங்கள் கல்லெறி தூரத்தில் நின்றன. உலகம் பொம்மைக் கொலு மாதிரி ஆகிவிட்டது என்று பழைய ரசிகர்கள் கொதித்துப்போனார்கள். அவனும் சைக்கிளில் உச்சிவரை ஏறி, ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு, அணைத்து வைத்தான். பிறகு அதைத் திறக்கவில்லை.

அடுத்த ஜனவரியில், மாங்காய்ப் பறிப்பு தொடங்கிய வாரத்தில், அக்கா மகனைக் கூட்டிக்கொண்டு நெல்லியாம்பதிக்குப் போனான். நெம்மாறா, போத்துண்டி அணை, பிறகு கொண்டை ஊசி வளைவுகள். சீதார்குண்டு விளிம்பில் நின்றால் கீழே கொல்லங்கோடும் முதலமடையும் விரிந்து கிடக்கும். சுள்ளியாறு, மீங்கரை அணைகள் இரண்டு கண்ணாடித் துண்டுகள்போல மின்னும். சிறுவயது முழுக்க அண்ணாந்து பார்த்த சுவரின் தலையில் நின்றுகொண்டு, தோப்பு எது, ஸ்டேஷன் ஆலமரங்கள் எவை என்று அவன் விரலால் தேடிக்கொண்டிருந்தான். அணையைப் பிடித்து, அங்கிருந்து ரோட்டைப் பிடித்து, கிட்டத்தட்ட நெருங்கிவிட்டான். அந்த நேரத்தில் கீழேயிருந்து மஞ்சு ஏறி வந்தது. முதலில் மீங்கரை போயிற்று, பிறகு ரோடு, பிறகு காலடியிலிருந்த புல்.

“மாமா, இதுக்கு அந்தாண்ட என்ன இருக்கு?” என்றான் பையன்.

“தெரியலியே” என்று பொய் சொன்னான் அவன்.